கட்டியின் வயது

கல்லீரலில் நீர்க்கட்டி என்று எழுதிய ஸ்கேன் ரிப்போர்ட்டைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்க்க வருகிறவர்கள் பெரும்பாலும் இரண்டு கேள்விகளோடு வருவார்கள். கேன்சரா என்பது முதலாவது. இல்லை என்று சொன்னதும் அடுத்தது வந்துவிடும்: "அப்ப ஆபரேஷன் எப்ப சார்?" கூட வந்திருக்கும் மச்சானோ மாமனோ அதற்குள் காப்பீட்டு அட்டையை மேசைமேல் எடுத்து வைத்திருப்பார். அந்த இடத்தில் நான் பதில் சொல்ல அவசரப்படுவதில்லை. அவரைப் படுக்கச் சொல்லி, வயிற்றில் ஜெல் தடவி, ஸ்கேன் டாக்டரோடு நானும் நின்று இன்னொரு முறை பார்ப்பேன். கட்டி எவ்வளவு பெரியது என்பதைவிட அது எந்தப் பருவத்தில் இருக்கிறது என்பதுதான் எனக்கு முதலில் தெரிய வேண்டும். இளசா, முற்றியதா, உள்ளே குட்டி போட்டிருக்கிறதா, செத்துச் சுண்ணாம்பாகிவிட்டதா? மாத்திரை கொடுப்பதா, ஊசி போட்டு உறிஞ்சுவதா, கத்தி வைப்பதா, ஒன்றும் செய்யாமல் விடுவதா என்பதெல்லாம் அந்தப் பருவத்தைப் பொறுத்தது. இதைப் புரியவைக்க ஆகும் நேரம் சில சமயம் அறுவைக்கு ஆகும் நேரத்தைவிட அதிகம். ஆனாலும் அதைச் சொல்லாமல் நான் யாரையும் மேசையில் ஏற்றியதில்லை.

எல்லா நீர்க்கட்டியும் புழுவால் வருவதல்ல. ஐம்பதைத் தாண்டியவர்களின் ஈரலில் சாதாரண நீர்க்கட்டி ஸ்கேனில் அகப்படுவது சகஜம். மெல்லிய சுவர், உள்ளே வெறும் நீர். பெரும்பாலும் எந்தத் தொல்லையும் தராது, எதுவும் செய்ய வேண்டியதும் இல்லை. நான் எழுத வந்தது ஹைடாடிட் கட்டியைப் பற்றி. நாயின் சிறுகுடலில் வாழும் எக்கினோகாக்கஸ் கிரானுலோசஸ் என்ற நாடாப்புழுவால் வருவது அது. நாடாப்புழு என்றதும் முழ நீளத்துக்கு நினைத்துக்கொள்ள வேண்டாம். இது 2 முதல் 7 மில்லிமீட்டர்தான். நாய்க்கு இதனால் நோவு ஒன்றும் தெரியாது. முட்டைகள் மலத்தோடு வெளியேறிப் புல்லிலும் மண்ணிலும் தண்ணீரிலும் கலக்கும். மேய்கிற ஆடு அதை உள்ளே எடுத்துக்கொள்ளும். குடலில் முட்டை பொரிந்து, கரு குடல் சுவரைத் துளைத்து ரத்தத்தோடு ஈரலுக்குப் போய்த் தங்கி, கட்டியாக வளரும். அந்த ஆட்டின் ஈரலை நாய் தின்றால், கட்டிக்குள் இருக்கும் புழுத்தலைகள் ஆறேழு வாரத்தில் அதன் குடலில் முழுப் புழுக்களாகிவிடும்.

நாய்க்கும் ஆட்டுக்கும் நடுவில் சுற்றும் இந்த வட்டத்துக்குள் மனிதன் தவறி நுழைகிறான். நாயைத் தடவிய கையைக் கழுவாமல் சோறு உண்ணும்போது, கழுவாத கீரையையோ வெள்ளரிப் பிஞ்சையோ வயலோரத்தில் நின்று கடிக்கும்போது முட்டை உள்ளே போகிறது. பத்துப் பேரில் ஏழு பேருக்கு ஈரலில் தங்கும், இருவருக்கு நுரையீரலில். மிச்சமுள்ளவர்களுக்கு மூளை, எலும்பு, சிறுநீரகம் என்று எங்கும் வரலாம். வளர்ச்சி மெதுவானது. சிலருக்கு ஆண்டுக்குச் சில மில்லிமீட்டர், சிலருக்குச் சில சென்டிமீட்டர். சின்ன வயதில் நாயோடு விளையாடியபோது போன முட்டை, கல்யாணமாகிப் பிள்ளை பெற்ற பிறகு வலது விலாவுக்குக் கீழே கனமாகத் தட்டுப்படும்.

மதுரைக்குத் தெற்கே, ஆட்டுக்கிடைகள் நடமாடும் பகுதியில்தான் என் வேலைக்காலம் கழிந்திருக்கிறது. இந்தியாவில் இந்த நோய் அதிகம் தென்படும் இடங்களில் ஆந்திரம், தமிழ்நாடு, சௌராஷ்டிரம், காஷ்மீர் எல்லாம் உண்டு. ராமநாதபுரம், சிவகங்கைப் பக்கத்துக் கீதாரிகள் ஆட்டை ஓட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போய் அறுவடை முடிந்த வயலில் கிடை போடுவார்கள். கூடவே நாய்கள் இருக்கும். நரிக்கும் திருடனுக்கும் காவல் அதுதான். வழியில் ஓர் ஆடு செத்தாலோ அறுத்தாலோ வேண்டாத பகுதி நாய்க்குப் போகும். அந்தக் குடும்பங்களிலிருந்து ஒருவருக்கு நோய் தெரிந்தால், மற்றவர்களையும் ஒரு ஸ்கேன் எடுத்துப் பார்த்துவிடச் சொல்வது என் வழக்கம். அண்ணன் தம்பி இருவருக்கும் கட்டி இருந்து, ஒருவருக்கு மட்டும் வலி வந்த வீடுகளைப் பார்த்திருக்கிறேன்.

ஆனால் இது ஆட்டுக்காரர்களின் நோய் மட்டும் என்று நினைத்தால் தப்பு. ஒரு பள்ளிக்கூட ஆசிரியை வந்திருந்தார். சுத்த சைவம். "எங்க வீட்ல முட்டைகூட வாங்கறதில்ல சார், எனக்கு எப்படி ஆட்டுப் புழு?" என்று அவர் கேட்டதில் கோபமும் இருந்தது, அவமானமும் இருந்தது. கறி தின்பதால் இந்தக் கட்டி வருவதில்லை. கட்டியுள்ள ஈரலை மனிதன் தின்றாலும் வராது. நாயின் மலத்தில் இருக்கும் முட்டை வாய்க்குள் போனால்தான் வரும், அது கீரைக்கட்டு வழியாகவும் வரும். அதைக் கேட்ட பிறகுதான் அவர் முகம் தெளிந்தது. நோயைவிட அது எப்படி வந்தது என்று ஊர் பேசுவதற்கு அஞ்சுகிறவர்கள் நம்மிடையே அதிகம். அந்த அச்சத்தை முதலில் எடுத்துப்போடாவிட்டால் சிகிச்சையில் மனம் ஒட்டாது.

இனி ஸ்கேனுக்கு வருகிறேன். 1981-இல் துனிசியாவின் ஹசன் கார்பி இந்தக் கட்டிகளை அல்ட்ராசவுண்டில் தெரியும் தோற்றத்தை வைத்து முதலில் வகை பிரித்தார். அதைத் திருத்தி உலக சுகாதார நிறுவனத்தின் நிபுணர் குழு 2003-இல் வெளியிட்ட வகைப்பாட்டைத்தான் இன்று பயன்படுத்துகிறோம். சி.இ. 1 என்பது இளங்கட்டி: ஒரே அறை, இரட்டைக் கோடாகத் தெரியும் சுவர், உள்ளே தெளிந்த நீர். ஆளைப் புரண்டு படுக்கச் சொன்னால் அடியில் தங்கியிருக்கும் மணல் போன்ற துகள்கள் எழும்பித் தூவலாக இறங்கும். அவை பெரும்பாலும் புழுத்தலைகள். சி.இ. 2-இல் தாய்க்கட்டிக்குள் சேய்க்கட்டிகள் நிரம்பியிருக்கும். இந்த இரண்டும் உயிர்ப்போடு இருப்பவை. சி.இ. 3 இடைநிலை. அதில் 3ஏ என்றால் உள்சவ்வு சுவரிலிருந்து கழன்று நீரில் மிதக்கும். 3பி என்றால் கெட்டிப்பட்ட சதைக்கு நடுவே சேய்க்கட்டிகள் இருக்கும். சி.இ. 4-இல் நீர் வற்றிக் குழம்பாகியிருக்கும். சி.இ. 5-இல் சுவரே சுண்ணாம்பாகிவிட்டிருக்கும். கடைசி இரண்டிலும் புழு அநேகமாகச் செத்துவிட்டது என்று அர்த்தம்.

சி.டி. எடுத்துக்கொண்டுதான் வருகிறார்கள், அதில் படமும் அழகாக இருக்கும். ஆனால் சேய்க்கட்டியையும் மிதக்கும் சவ்வையும் பிரித்துப் பார்க்க அல்ட்ராசவுண்டே நல்லது. அறுவைக்கு முன்னால் பித்தக்குழாயோடு கட்டிக்கு உறவு இருக்கிறதா என்று அறிய எம்.ஆர்.ஐ. உதவும். ரத்தத்தில் எலைசா பரிசோதனை உண்டு. அது பாசிட்டிவ் என்றால் துணையாக நிற்கும். நெகட்டிவ் என்பதற்காக நோய் இல்லை என்று நான் முடிவு செய்ய மாட்டேன், சுவர் கிழியாத இளங்கட்டியில் அது பொய் சொல்வது உண்டு. தோலில் ஊசி போட்டுப் பார்க்கும் கசோனி பரிசோதனையை எங்கள் ஆசிரியர்கள் நம்பினார்கள். இன்று அது வழக்கொழிந்துவிட்டது.

இந்தப் பகுதியில் இன்னொரு குழப்பம் உண்டு. அமீபாவால் ஈரலில் சீழ்க்கட்டி வருவது நம்மிடம் அதிகம், குறிப்பாகக் குடிப்பழக்கம் உள்ள ஆண்களிடம். காய்ச்சல், வலி, ஸ்கேனில் ஒரு பெரிய கட்டி. அதற்கு ஊசி போட்டுச் சீழை எடுப்பது அன்றாட வேலை. கையில் அந்தப் பழக்கம் ஏறியிருக்கும்போது, கிருமி புகுந்து பழுத்த ஹைடாடிட் கட்டியும் சீழ்க்கட்டி மாதிரியே தெரியும். முன்னேற்பாடு ஏதும் இல்லாமல் ஊசி போட்டால் நீர் வயிற்றுக்குள் கசிந்து, அரிப்பும் தடிப்பும் வந்து, ரத்த அழுத்தம் சரிந்து ஆள் நிலைகுலையலாம். அன்று தப்பினாலும் சிந்திய புழுத்தலைகள் ஒவ்வொன்றும் வயிற்றுக்குள் தனித்தனிக் கட்டியாக முளைக்கக்கூடும். அப்படி வேறோர் இடத்தில் ஊசி போடப்பட்டு, சில ஆண்டுகள் கழித்து வயிறெல்லாம் கட்டியோடு வந்த ஒருவரை நாங்கள் பல தடவை திறக்க வேண்டியிருந்தது. இளம் மருத்துவர்களுக்கு நான் சொல்வது ஒன்றுதான்: ஈரலில் எந்தக் கட்டியானாலும் ஊசியை எடுக்கும் முன் ஆடு, நாய் பற்றிக் கேளுங்கள். அந்தக் கேள்விக்குக் காசு ஆகாது.

மாத்திரை என்றால் அல்பெண்டசோல். பள்ளிக்கூடங்களில் குடற்புழு நீக்க நாளன்று சப்பித் தின்னக் கொடுக்கும் அதே 400 மில்லிகிராம் மாத்திரைதான். அங்கே ஒன்று போதும். இங்கே காலையில் ஒன்று, இரவில் ஒன்று என்று மாதக்கணக்கில். உடல் எடையில் கிலோவுக்கு 10 முதல் 15 மில்லிகிராம் என்பது ஒரு நாள் கணக்கு. 5 சென்டிமீட்டருக்கு உட்பட்ட, சேய்க்கட்டி இல்லாத சி.இ. 1, சி.இ. 3ஏ கட்டிகளுக்கு மாத்திரை மட்டுமே போதுமானதாக இருக்கலாம். முன்பெல்லாம் 28 நாள் கொடுத்து 14 நாள் நிறுத்துவோம். இப்போது இடைவெளி விடாமல் கொடுக்கிறோம், மூன்று முதல் ஆறு மாதம்வரை.

இந்த மாத்திரை வெறும் வயிற்றில் சரியாக ரத்தத்தில் ஏறாது. கொழுப்பு சேர்ந்த சாப்பாட்டோடு போட்டால்தான் ஏறும். கொழுப்பைக் குறை என்று எல்லா டாக்டரும் சொல்லிக் கேட்டுப் பழகிய காதுகளுக்கு இது விசித்திரமாக இருக்கும். "ஈரல்ல நோவுன்னு எண்ணெயே தொடாம இருக்கேன் சார்" என்று ஒரு பெரியவர் பத்தியம் காத்ததைப் பெருமையாகச் சொன்னார். அவருடைய மருமகளைக் கூப்பிட்டு, மாத்திரை போடும் வேளையில் மாமாவுக்கு முட்டைப் பொரியலோ தேங்காய்ச் சட்னியோ நெய் விட்ட சாதமோ கட்டாயம் கொடுக்கச் சொல்லி சீட்டிலேயே எழுதிக் கொடுத்தேன். மருந்துச் சீட்டில் சாப்பாட்டையும் எழுத வேண்டிய சிகிச்சை இது.

நடுவில் ரத்தப் பரிசோதனை வேண்டும். சிலருக்கு ஈரல் நொதிகள் ஏறும், வெள்ளணுக்கள் குறையும், தலைமுடி கொட்டும். முடி கொட்டுவது மருந்தை நிறுத்தியதும் சரியாகிவிடும், ஆனால் அதை முன்கூட்டியே சொல்லாவிட்டால் பெண்கள் மருந்தைத் தாமாகவே நிறுத்திவிடுவார்கள். கருவுற்ற தொடக்க மாதங்களில் கொடுக்கக் கூடாது. மருந்து சாப்பிடும் காலத்தில் கரு தங்காமல் பார்த்துக்கொள்ளவும் சொல்ல வேண்டும். புதிதாகக் கல்யாணமான பெண்ணிடம், அதுவும் பக்கத்தில் மாமியார் உட்கார்ந்திருக்கும்போது இதைச் சொல்வது எளிதல்ல. மாமியாரை ரத்தப் பரிசோதனைச் சீட்டு வாங்கிவர அனுப்பிவிட்டு நர்ஸம்மாவை வைத்துப் பேசச் சொல்வேன்.

ஊசியால் உறிஞ்சும் முறை என் காலத்தில் நடந்த பெரிய மாற்றம். நான் படித்தபோது ஹைடாடிட் கட்டியில் ஊசி போடவே கூடாது என்பது கேள்வி கேட்காத விதி. சிந்தினால் முளைக்கும் என்பதை 20-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே பிரெஞ்சு மருத்துவர் பெலிக்ஸ் டெவே சோதனைகளால் காட்டியிருந்தார். அந்த விதியை 1980-களின் நடுவில் துனிசிய மருத்துவர்கள் அசைத்தார்கள். குத்துவது, உறிஞ்சுவது, புழுக்கொல்லி செலுத்துவது, மறுபடி உறிஞ்சுவது என்ற நாலு வேலைகள் சேர்ந்த இந்த முறைக்கு மருத்துவ உலகில் 'பேர்' என்று சுருக்கப்பெயர். நம் நாட்டில் ஸ்ரீநகரின் ஷேர்-இ-காஷ்மீர் மருத்துவ அறிவியல் நிறுவனத்தில் முகம்மது சுல்தான் குரூவும் அவர் குழுவினரும் 50 நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவுக்கு அல்பெண்டசோலும் ஊசியும், மறு பிரிவுக்கு அறுவையும் செய்து ஒப்பிட்டார்கள். 1997-இல் நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் அது வெளியானது. கட்டி சுருங்கியதில் இரண்டும் சமம். மருத்துவமனையில் தங்கியது சராசரியாக ஊசிப் பிரிவில் 4.2 நாள், அறுவைப் பிரிவில் 12.7 நாள். அறுவை செய்தே பழகிய எனக்கு அந்தக் கட்டுரை பெரிய உலுக்கலாக இருந்தது. காஷ்மீரத்து இடையர்களின் ஈரலில் கண்டது நம் கீதாரிகளின் ஈரலுக்கும் பொருந்தும் அல்லவா?

எல்லாக் கட்டிக்கும் இது ஆகாது. 5 சென்டிமீட்டரைத் தாண்டிய சி.இ. 1, சி.இ. 3ஏ கட்டிகளே இதற்குத் தோது. சேய்க்கட்டிகள் நிறைந்ததில் ஊசி போட்டால் ஓர் அறை காலியாகும், மற்றவை அப்படியே இருக்கும். ஈரலின் மேற்பரப்பில் துருத்திக்கொண்டிருப்பதையும் தொடக் கூடாது. ஊசி நேராகக் கட்டிக்குள் இறங்காமல் நல்ல ஈரல் சதையைக் கடந்து போக வேண்டும், அப்போதுதான் கசிவைச் சதையே அடைத்துக்கொள்ளும்.

எங்கள் வழக்கம் இப்படி. அல்பெண்டசோலை முன்னதாகவே தொடங்கிவிடுவோம், முடிந்த பிறகும் ஒரு மாதமாவது தொடர்வோம். மயக்க மருத்துவர் பக்கத்தில் இருக்க வேண்டும், அட்ரினலின் ஊசியில் ஏற்றித் தயாராக இருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத அறையில் நான் இதைச் செய்ய ஒத்துக்கொள்வதில்லை. 2011-இல் வந்த ஒரு தொகுப்பாய்வு ஏறக்குறைய 6,000 முறை செய்யப்பட்ட இந்தச் சிகிச்சையை அலசியது. ஒவ்வாமை அதிர்ச்சியால் இறந்தவர் இருவர். நூறில் இரண்டு பேருக்கும் குறைவானவர்களுக்கு அதிர்ச்சி வந்து மீண்டிருக்கிறார்கள். எண்ணிக்கை சின்னதுதான். ஆனால் அந்த இருவரைப் போன்ற ஒருவர் நம் அறையில் படுத்திருப்பவராக ஆகிவிடக் கூடாது.

முதலில் வரும் நீர் கண்ணாடி போலத் தெளிவாக இருக்கும். அதை உடனே சோதிப்போம். மைக்ராஸ்கோப்பில் புழுத்தலை தெரிந்தால் நோய் உறுதி. அதைவிட முக்கியம் அதில் பித்தம் கலந்திருக்கிறதா என்பது. மஞ்சள் சாயல் இருந்தால் அத்தோடு நிறுத்தம். பித்தக்குழாய்க்குத் திறப்பு உள்ள கட்டிக்குள் புழுக்கொல்லியை விட்டால் அது குழாய்க்குள் போய்ச் சுவரை அரித்துத் தழும்பாக்கிவிடும். பித்தம் இல்லை என்று உறுதியான பிறகே 20 சதவீத உப்புக் கரைசலையோ அடர் ஆல்கஹாலையோ செலுத்தி, பத்துப் பதினைந்து நிமிடம் காத்திருந்து மறுபடி உறிஞ்சுவோம். ஸ்கேன் திரையில் அப்போது உள்சவ்வு கழன்று நீருக்குள் மடிந்து விழுவது தெரியும். இத்தனை வருடம் ஆகியும் அதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளுக்குள் ஒரு நிறைவு வரும். நல்லபடியாக முடிந்தால் சில நாளில் வீட்டுக்குப் போய்விடலாம்.

இனி கத்தி. சேய்க்கட்டிகள் நிறைந்த பெரிய கட்டி, வெடிக்கிற நிலையில் மேலே துருத்தி நிற்கும் கட்டி, கிருமி புகுந்தது, பித்தக்குழாயில் திறந்துகொண்டது, பக்கத்து உறுப்பை நசுக்குவது — இவற்றுக்கு அறுவைதான் வழி. இந்த அறுவையின் கடினம் வெட்டுவதில் இல்லை, சிந்தாமல் பார்த்துக்கொள்வதில் இருக்கிறது. வயிற்றைத் திறந்ததும் கட்டி இருக்கும் இடத்தை மட்டும் விட்டுவிட்டு மற்ற இடமெல்லாம் அடர் உப்புக் கரைசலிலோ போவிடோன் அயோடினிலோ நனைத்த துணிகளை அடுக்கடுக்காகப் போட்டு மூடுவோம். இரண்டு உறிஞ்சு குழாய் ஓடிக்கொண்டிருக்கும், ஒன்று அடைத்துக்கொண்டால் இன்னொன்று வேண்டும். சேய்க்கட்டி வந்து குழாயை அடைப்பது சாதாரணம். கட்டியின் மேல்பக்கத்தில் ஊசி வைத்து நீரை எடுத்து அழுத்தத்தைக் குறைத்த பிறகுதான் சுவரைத் திறப்பது. உள்ளே இருக்கும் சவ்வு இளநீர் வழுக்கை மாதிரி வெண்மையாக, வழவழவென்று, இடுக்கியால் பிடித்து இழுத்தால் முழுசாகக் கழன்று வரும். புழுவால் ஆனது அந்தச் சவ்வுதான். வெளியே எஞ்சி நிற்கும் தடித்த சுவர் நோயாளியின் ஈரலே தற்காப்புக்காகக் கட்டிக்கொண்டது.

அந்தச் சுவரை என்ன செய்வது என்பதில் அறுவை மருத்துவர்களிடையே பழைய சண்டை ஒன்று உண்டு. முழுக்க வெட்டி எடுத்துவிட்டால் நோய் திரும்பும் வாய்ப்புக் குறைவு, ஆனால் ரத்தநாளத்தை ஒட்டிய சுவரை எடுக்கப்போய் ரத்தம் கொட்டலாம். உயிருக்கு ஆபத்தில்லாத ஒரு நோய்க்கு உயிராபத்தான அறுவை செய்வதா என்று ஒரு தரப்பு கேட்கும். மேல்பகுதியை மட்டும் கூரை எடுப்பது போல் எடுத்துவிட்டு மிச்சத்தை விட்டுவிடலாம் என்பது அவர்கள் வழி. ஈரலின் ஓரத்தில் இருந்தால் முழுதாக எடுப்பேன்; நடுவில், பெரிய நாளங்களுக்கு அருகில் இருந்தால் கூரையோடு நிறுத்திக்கொள்வேன். இதில் கொள்கைப் பிடிவாதம் நோயாளிக்கு நல்லது செய்வதில்லை.

குழி காலியானதும் அதற்குள் வெள்ளைத் துணியை வைத்துச் சில நிமிடம் பொறுத்து எடுத்துப் பார்ப்போம். மஞ்சள் கறை எங்கே படிகிறதோ அங்கே பித்தக்குழாய் திறந்திருக்கிறது. ஒவ்வொன்றையும் தேடித் தைத்தாக வேண்டும், தவறவிட்டால் குழாய் வழியாக வாரக்கணக்கில் பித்தம் ஒழுகிக்கொண்டிருக்கும். பிறகு வயிற்றின் கொழுப்புத் திரையை இழுத்துக் குழிக்குள் நிரப்பித் தைப்போம். ஒரு காலத்தில் குழிக்குள் பார்மலின் விட்டார்கள். அது பித்தக்குழாய்களைத் தழும்பாக்கி நோயைவிடப் பெரிய கேட்டைச் செய்தது என்று தெரிந்தபின் கைவிடப்பட்டது. உப்புக் கரைசலையும் அளவில்லாமல் விட்டால் ரத்தத்தில் சோடியம் ஏறிவிடும். புழுவுக்கு விஷமானது மனிதனுக்கும் ஓரளவு விஷமே என்பதை மறக்கக் கூடாது.

லேப்ராஸ்கோப்பில் இதைச் செய்ய முடியுமா என்ற சந்தேகம் நெடுநாள் இருந்தது. சிந்துவதைத் தடுப்பது எப்படி என்பதே காரணம். கோயம்புத்தூரில் டாக்டர் சி. பழனிவேலு இதற்கென்றே ஒரு கருவியை அமைத்தார். அகலமான உறைக்குழாயின் நுனி கட்டியின் சுவரோடு ஒட்டி அழுந்தி நிற்க, பக்கவழியாக உறிஞ்சிக்கொண்டே இருக்கும். அதன் ஊடாகவே கட்டியைக் குத்திச் சேய்க்கட்டி, சவ்வு எல்லாவற்றையும் வெளியே எடுத்துவிடலாம். பழனிவேலு ஹைடாடிட் சிஸ்டம் என்று மருத்துவ இலக்கியத்தில் அது பதிவாகியிருக்கிறது. நம் பக்கத்து நோய்க்கு நம் பக்கத்து ஆளே வழி கண்டது என்று சொல்லிக்கொள்வதில் எனக்குப் பெருமை உண்டு.

கட்டி பித்தக்குழாய்க்குள் வெடித்தால் காட்சி மாறிவிடும். மஞ்சள் காமாலை, குளிர்காய்ச்சல், வலி. கிழாநெல்லி அரைத்துக் கொடுத்துப் பத்து நாள் பார்த்துவிட்டு நடுக்கத்தோடு ஒரு கிடைக்காரரைத் தூக்கி வந்தார்கள். பித்தக்குழாய் முழுக்கச் சவ்வுத் துண்டுகள். இரைப்பைக் குடல் மருத்துவர் இ.ஆர்.சி.பி. என்ற எண்டோஸ்கோப்பி முறையில் குழாயின் வாயைத் திறந்து, பலூனால் வாரி எடுத்து, ஸ்டென்ட் வைத்தார். காய்ச்சல் தணிந்த பிறகே நாங்கள் கட்டிக்குப் போனோம். இந்த வரிசை முக்கியம். காமாலையோடு இருப்பவரைத் தொடங்கும்போதே வெட்டினால் ஈரல் தாங்காது.

எல்லாவற்றிலும் கடினமானது ஒன்றும் செய்யாமல் இருப்பது. சவுதிக்குப் போக மெடிக்கல் எடுத்த ஓர் இளைஞருக்கு ஈரலில் கட்டி என்று தெரிந்தது. சுவர் முழுக்கச் சுண்ணாம்பு, சி.இ. 5. செத்த கட்டி. விசா போய்விடும், எடுத்துவிடுங்கள் என்று அப்பாவும் மகனும் நின்றார்கள். "செத்துப்போச்சுன்னா உள்ளயே கெடந்து அழுகாதா சார்?" என்று அப்பா கேட்டார். அழுகாது, உடம்பு அதற்குச் சுவர் கட்டிப் பூட்டிவிட்டது என்று படத்தைக் காட்டி விளக்கினேன். வயிற்றில் தழும்போடு போனால் அங்கே இன்னும் கேள்வி வரும் என்பதையும் சொன்னேன். தொற்றும் நோய் அல்ல, சிகிச்சை தேவையில்லை என்று விரிவாகச் சான்று எழுதிக் கொடுத்தேன். அவர் போய்விட்டார், விடுமுறையில் ஊருக்கு வரும்போதெல்லாம் ஸ்கேன் எடுத்துக்கொண்டு வந்து காட்டுகிறார். கட்டி அப்படியே இருக்கிறது. தொல்லை தராத சி.இ. 4, சி.இ. 5 கட்டிகளைத் தொடாமல் கண்காணிக்க வேண்டும் என்று 2010-இல் வந்த நிபுணர் கருத்தொற்றுமையும் சொல்கிறது. அப்படியிருந்தும் இத்தகைய கட்டிகள் அறுக்கப்பட்ட தழும்போடு ஆட்கள் வருவதைப் பார்க்கும்போது எனக்கு வருத்தம் வரும். மருந்தால் சுருங்கியதோ, ஊசியால் வற்றியதோ, கத்தியால் எடுத்ததோ எதுவானாலும் ஐந்து ஆண்டாவது, முடிந்தால் பத்து ஆண்டு ஸ்கேன் எடுத்துப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். இது தாமதமாகத் திரும்பி வரும் நோய்.

நாங்கள் அறையில் செய்வதெல்லாம் வட்டத்தின் கடைசிப் புள்ளியில்தான். ஐஸ்லாந்தில் ஒரு காலத்தில் இந்த நோய் ஊரெல்லாம் இருந்தது. 1863-இல் டென்மார்க்கின் ஹரால்ட் கிராப்பே அங்கே போய் நாய்களை ஆராய்ந்து, நோய் எப்படிப் பரவுகிறது என்பதை மக்களுக்குப் புரியும்படி எழுதினார். அறுத்த ஆட்டின் கட்டியுள்ள உறுப்பை நாய்க்குப் போடாமல் அழிப்பது, நாய்க்குப் புழுமருந்து கொடுப்பது என்ற பழக்கங்களால் நோய் அங்கிருந்து மறைந்தது. டாஸ்மேனியா 1996-இலும் நியூசிலாந்து 2002-இலும் தற்காலிகமாக நோயற்றவை என்று அறிவித்துக்கொண்டன. அவை தீவுகள், சட்டம் கடுமையாக இருந்தது. தெருநாயும் வீட்டு நாயும் பிரிக்க முடியாமல் திரியும் நம் ஊரில் அது அத்தனை எளிதல்ல.

ஆனால் ஒரு கிடைக்குள் செய்யலாம். டிஸ்சார்ஜ் ஆகிப் போகும் கீதாரிகளிடம் இப்போது நான் நாயைப் பற்றியும் பேசுகிறேன். அறுத்த ஆட்டின் ஈரலிலோ நுரையீரலிலோ கொப்புளம் இருந்தால் தூக்கி எறிய வேண்டாம், நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதையுங்கள், இல்லையென்றால் நன்றாக வேகவையுங்கள். நாய்க்கு பிராசிகுவாண்டல் மாத்திரை, எடையில் கிலோவுக்கு 5 மில்லிகிராம், ஆறு வாரத்துக்கு ஒரு முறை. முட்டை லைசாலுக்கும் டெட்டாலுக்கும் சாகாது. வெயிலும் கொதிநீரும்தான் அதைக் கொல்லும். அதனால் மாத்திரை கொடுத்த முதல் இரண்டு மூன்று நாள் நாயைக் கட்டிப்போட்டு அதன் மலத்தை எடுத்து எரித்துவிடுங்கள். ஒருவர் கேட்டார்: "எட்டு நாய் இருக்கு சார், ஆட்டோடயே ஓடுதுக, ஒன்னொன்னா பிடிச்சு வாயத் தெறந்து போட முடியுமா?" கறித்துண்டுக்குள் வைத்துக் கொடுங்கள் என்றேன். அடுத்த மாதம் ஸ்கேனுக்கு வந்தபோது, கருவாட்டுத் தலைக்குள் வைத்துக் கொடுத்தால் எட்டும் விழுங்கிவிடுகின்றன என்று அவரே சொன்னார். மற்றக் கிடைக்காரர்களுக்கும் இப்போது அப்படியே சொல்லி அனுப்புகிறேன்.